பெல்ட் ஓடும் விளிம்பு

எத்திராஜ் மாமா யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கை கழுவ இடம் கேட்பார். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அப்படித்தான். கழுவிய பிறகு துண்டில் துடைக்க மாட்டார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை அகட்டி, காற்றில் காயவிட்டபடி நிற்பார். காய்ந்ததும் விரல் நுனிகளை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். அவர் தம்பிக்கு மனைவியாக இந்த வீட்டுக்கு வந்த பதினெட்டு வருடங்களாக நான் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வாசல், ஒரே சமையலறை. மாமாவின் மனைவி தனக்கோடி அக்கா அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது.

“நம்ம பொண்ணு நிச்சயத்துல சம்பந்தி வீட்டுக்குள்ள போனதும் கைய நீட்டிக்கினு நின்னாரு பாரு. மாப்பிள்ளையோட அம்மா பயந்துட்டா. பொண்ணுக்கு வளையல் கேட்டா பரவால்ல, பொண்ணோட அப்பன் கேக்கறானேன்னு.”

மாமா அதற்கும் சிரிப்பார்.

அவர் செய்யும் வேலையால் வந்த பழக்கம் அது. பெரிய பெரிய வீடுகளில் வாங்கும் ரெக்கார்ட் பிளேயர்களைப் பொருத்தி, ஓடவிட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. அந்த மாதிரி மெஷினில் மோட்டார் தனியாக இருக்கும், ரெக்கார்டை வைக்கும் கனமான தட்டு தனியாக இருக்கும். இரண்டையும் சேர்ப்பது மெல்லிய ஒரு ரப்பர் வளையம். அதைத்தான் பெல்ட் என்கிறார்கள். கையில் இருக்கும் எண்ணெயோ வியர்வையோ அதில் பட்டால் வழுக்கும். வழுக்கினால் தட்டின் வேகம் மாறும். வேகம் மாறினால் பாட்டு தள்ளாடும். ஆகையால் சுத்தமான கை வேண்டும்.

இந்த வேலையை அவர் யாரிடமும் படிக்கவில்லை. முன்பு பொம்மனஹள்ளியில் ஒரு ஃபேன் கம்பெனியில் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தார். அது மூடியதும் ரெக்கார்ட் பிளேயர் விற்கும் ஒரு ஷோரூமில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. மெஷின் விற்றால் மும்பையிலிருந்து ஒருவர் விமானத்தில் வந்து பொருத்திவிட்டுப் போவார். ஆறு வருடம் மாமா அவருக்கு டார்ச் பிடித்தார். ஒரு நாள் மழையில் விமானம் வரவில்லை. மெஷின் வாங்கியவர் வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்க, மாமாவே பொருத்திவிட்டார். அதற்குப் பிறகு மும்பைக்காரரைக் கூப்பிடும் தேவை ஷோரூமுக்கு இல்லாமல் போயிற்று. ஆனால் மாமா கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும் ‘டெலிவரி ஹெல்பர்’ என்றே இருந்தது.

எங்கள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இல்லை. ரேடியோ கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் மாமா சத்தத்தைக் குறைத்து வைத்து கிரிக்கெட் பார்ப்பார். ஒருமுறை கேட்டதற்கு, “பாட்டு கேட்டா வேல பாக்கற மாதிரி இருக்கும்மா” என்றார்.

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அல்சூர் ஏரிக்கு எதிரே ஒரு அடுக்குமாடியில், ஸ்ரீகண்டன் சார், வீணா அம்மா வீடு. சார் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், திருச்சிப் பக்கம். ஆறு வருடமாக அங்கே பெருக்கித் துடைத்து, சமையலுக்கு உதவி செய்கிறேன். நான் ஏழாவதோடு நின்றவள். அந்த வீட்டில் நான் பேசிய வார்த்தைகளை எண்ணினால் ‘சரிங்கம்மா’, ‘ஆச்சுங்கம்மா’ என்ற இரண்டுதான் நிறைய இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் பார்ப்பேன்.

போன வருடம் செப்டம்பரில் சார் ஒரு புது மெஷின் வாங்கினார். அந்த ஷோரூம் அதுவரை விற்றதிலேயே பெரியது. நான்கு பேர் தூக்கி வந்தார்கள். ஷோரூம் மேனேஜர் சஞ்சய், கன்னடக்காரப் பையன், முப்பது வயது இருக்கும். அவன் மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டான். இது மூன்று மாதம் புகார் இல்லாமல் ஓடி, ஸ்ரீகண்டன் சார் ஒரு கடிதம் கொடுத்தால், அதை வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி மாமாவின் அட்டையை மாற்றிக் கொடுப்பான். ஹெல்பர் என்று இருக்காது, மெஷின் பொருத்தும் டெக்னீஷியன் என்று இருக்கும். மாமா அதை வீட்டில் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது குழம்பு ஊற்றச் சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.

மெஷின் பொருத்த முழு நாள் ஆனது. முதலில் மேஜை. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போல ஒன்றை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார். மேஜை நேராக இருந்தது. ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்து, கீழே ரோட்டில் பஸ் போனபோது அதன் மேல்பரப்பைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் நடுங்கியது. பிறகு மேஜையை ஜன்னல் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றச் சொன்னார். வீணா அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அங்கே அவர் செடி வைத்திருந்தார்.

அப்புறம் பெல்ட். பெட்டியோடு மூன்று விதம் வந்திருந்தது. ஒன்று கறுப்பு ரப்பர். ஒன்று வெள்ளையாக, கொழகொழவென்று இழுபடுவது. மூன்றாவது வெறும் நூல், பூக்கட்டும் நூலைவிடக் கொஞ்சம் தடிமன். சாருக்கு நூல்தான் வேண்டும்.

“ஜெர்மனில என் ஃபிரெண்ட் நூல்தான் போட்டிருக்கான், எத்திராஜ். ரப்பர் இழுத்துக்கும், நூல் இழுக்காது. வேகம் கரெக்டா நிக்கும்.”

“நிக்கும் சார். ஆனா மோட்டாரோட நடுக்கத்த அப்படியே கொண்டாந்து தட்டுல குடுக்கும். ரப்பர் பாதிய முழுங்கிரும்.”

“அவன் வீட்டுல நடுக்கம் இல்லையே.”

“அவரு வீட்டு வாசல்ல மெட்ரோ ஓடுதா சார்?”

சார் சிரித்துவிட்டார். “சரி, வெள்ளை?”

“அதுல தூசி ஒட்டும் சார். நம்ம ஊரு தூசிக்கு ஒரு மாசத்துல மஞ்சளாயிரும்.”

சொல்லிவிட்டு மாமா வாதம் செய்யவில்லை. சாரை மெஷினுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். ஒரு நாதஸ்வர ரெக்கார்டில் ஒரே சுரம் நீளமாக இழுத்து நிற்கும் இடத்தை, பெல்ட்டை மாற்றி மாற்றி மூன்று முறை போட்டார். எது எந்த பெல்ட் என்று சொல்லவில்லை. சார் இரண்டாவதைக் காட்டினார். அதுதான் கறுப்பு ரப்பர்.

பெல்ட்டைப் போடுவதிலும் ஒரு முறை உண்டு. அதில் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கல் பக்கம் உள்ளே வரவேண்டும், பிடிப்பு அதில்தான். மோட்டாரை ஒரு நூலளவு தள்ளி, ஒரு நூலளவு இழுத்து, பெல்ட்டை நடுவில் சுண்டுவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கோடு கோடாக அச்சடித்த ஒரு அட்டையைச் சுற்றும் தட்டின் மேல் வைத்து, தான் கொண்டுவந்த மஞ்சள் பல்பைப் பிடித்தார். வேகம் சரியாக இருந்தால் சுற்றும்போதும் அந்தக் கோடுகள் நிற்பது போலத் தெரியும். அன்று கோடுகள் ஆணி அடித்தது போல நின்றன.

நான் காபி கொண்டுபோனபோது மாமா தட்டைச் சுற்றி பெல்ட் ஓடும் விளிம்பைக் காட்டி என்னிடம் சொன்னார்: “பாத்தியாம்மா, இவ்ளோ பெரிய மெஷினுக்கு உசுரு இந்த எடத்துலதான்.”

நான் தலையை ஆட்டினேன். அதை மனதில் வைத்துக்கொண்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்றைக்குப் பொட்டு வைக்காத மெஷின் இருக்காது. பஸ்ஸுக்கு வாழைக்கன்று, ஆட்டோவுக்கு மாலை, ரோட்டில் உடைத்த பூசணிக்காய். வீணா அம்மா காலையில் அலுவலகப் பூஜைக்குக் கிளம்பும்போது, “எல்லா மெஷினையும் தொடச்சுப் பொட்டு வெச்சிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், தையல் மெஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, நடுவே குங்குமம் வைத்தேன். கடைசியாக இந்த மெஷினுக்கு வந்தேன்.

மேலே மரப்பலகையில் வைத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். எனக்கு மாமாவின் அட்டை நினைவுக்கு வந்தது. இந்த மெஷின் நன்றாக ஓடினால் அவருக்கு நல்லது நடக்கும். அவர் உயிர் என்று காட்டிய இடத்திலேயே வைக்கலாம் என்று தோன்றியது. பெல்ட்டை நகர்த்தாமல், அதற்குக் கொஞ்சம் மேலே, தட்டின் அந்த வெள்ளி நிற விளிம்பில் சுற்றி ஐந்து இடத்தில் சந்தனம் வைத்தேன். கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் துடைக்கும்போது சந்தனம் காய்ந்து பிடித்திருந்தது. ஈரத் துணிக்குப் போகவில்லை. குங்குமம் சிவப்பாக இழுத்துக்கொண்டது. வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் குங்குமக் கறை இருந்தால் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்போம். அப்படியே விளிம்பைச் சுற்றிலும் துடைத்தேன். விளிம்பு முன்பைவிடப் பளபளத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மாலை, எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சஞ்சய் போன் செய்தானாம்.

“ஸ்ரீகண்டன் சார் மெஷின் இழுக்குதாம். வேகம் புடிக்கறதுக்கே நேரமாவுதாம். முள்ள வெச்சா இன்னும் கொறையுதாம். ரப்பர் பெல்ட்டு தப்பு, நான் அப்பவே நூல் கேட்டேன்னு சாரு சொல்றாராம்.”

“அந்தாளுதானே கேட்டுட்டு இது நல்லாருக்குன்னாரு?” என்றாள் தனக்கோடி அக்கா.

“எடுத்துக் குடுத்தது நானு.”

“எண்ணெ கிண்ணெ பட்ருக்குமா?”

“அந்த வூட்ல மெஷினுக்கு யாரு எண்ணெ உடப் போறாங்க? ஸ்பிரிட் போட்டு நானே தொடச்சேன்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “சஞ்சய் ஞாயித்துக்கெழம என்கூட வராரு. பெல்ட்டு எடுத்தது தப்புன்னு ஆச்சுன்னா அட்ட மாறாது. இனிமே மும்பைலருந்தே ஆள கூப்டுவாங்க.”

நான் நறுக்குவதை நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று நினைத்திருப்பார்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிட, அவர் பெயரில் அந்த வீட்டுக்குள் நுழைந்தவள் அவர் வேலையையே கெடுத்தேன் என்பதை எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். அந்த வீட்டில் விளிம்பை நானே சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கையை வைக்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாமாவும் சஞ்சயும் வந்தார்கள். சஞ்சய் தன் போனைத் தட்டின் மேல் வைத்து வேகம் பார்த்தான். “ஸ்வல்ப கம்மி இருக்கு சார். ஆடவும் ஆடுது” என்றான். மாமா கோட்டு அட்டையை வைத்து மஞ்சள் பல்பைப் பிடித்தார். கோடுகள் எறும்பு போல ஊர்ந்தன.

ஸ்ரீகண்டன் சார் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “உங்க பேச்சைக் கேட்டேன் எத்திராஜ்” என்று மட்டும் சொன்னார்.

மாமா கை கழுவிவிட்டு வந்தார். பெல்ட்டை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சுற்று ஓடவிட்டார். முகர்ந்தார். அப்படியே நின்றார். நான் சமையலறை வாசலில் இருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனை யாருக்குத் தெரியாது? எங்கள் வீட்டில் தெரியாதா?

“பெல்ட்டு நான் போட்டது சார்” என்றார். “தப்பு என்னுது. மாத்திக் குடுத்துடறேன்.”

சஞ்சய் பெருமூச்சு விட்டான். “நானு ஏனு மாடலி எத்திராஜ்? என்ன பண்றது சொல்லுங்க. இப்போ நான் ஆபீஸ்ல என்ன எழுதறது?”

“நான் சொன்னத எழுதுங்க சார்.”

“எண்ணெ நான் தடவினது” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசலைவிட்டு உள்ளே வந்து மறுபடி சொன்னேன். “எண்ணெ நாந்தாங்க தடவினேன். பெல்ட்டு மேல தப்பில்ல.”

“என்ன எண்ணெய்?” என்றார் வீணா அம்மா.

பூஜைக்குப் பொட்டு வைத்ததையும், கறை போகாததையும், துடைத்ததையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

“அது சரி, மேல இவ்வளவு இடம் இருக்கே. போயும் போயும் அங்க எதுக்குப் பொட்டு வெச்ச?”

“உசுரு அங்கதான் இருக்குன்னு மாமா சொன்னாருங்கம்மா.”

சார் மாமாவைப் பார்த்தார். “முகர்ந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, இல்ல?”

“தெரிஞ்சுது சார்.”

“அப்புறம் ஏன் உங்க தப்புன்னீங்க?”

மாமா விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “பெல்ட்டுன்னா வேற பெல்ட்டு போட்டுக்கலாம் சார். இவ வேல போச்சுன்னா வேற எங்க போவா? வாயத் தொறந்து வேல கேக்கத் தெரியாது இவளுக்கு.”

வீணா அம்மாவுக்கு முகம் சிவந்தது. “நான் எப்போ வேலைய விட்டு அனுப்பறேன்னு சொன்னேன்?”

“ஆயுத பூஜைக்கு வாரண்டி இல்ல சார்” என்றான் சஞ்சய். அவன் பயந்துகொண்டேதான் சொன்னான். ஆனால் சார் சிரித்தார். அதற்குப் பிறகுதான் அறையில் காற்று வந்தது போல இருந்தது.

மாமா விளிம்பையும் மோட்டாரின் சக்கரத்தையும் ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்தார். எண்ணெய் குடித்த பெல்ட்டை எடுத்துவிட்டு, அதே மாதிரி கறுப்பில் இன்னொன்று போட்டார். பல்பைப் பிடித்தார். கோடுகள் நின்றன. சார் தானே நாதஸ்வர ரெக்கார்டைத் தேடி எடுத்து வைத்தார். முழுவதும் கேட்டார்.

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மாமா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டிலும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்: “நான் ஒத்துக்கினேன் இல்ல? அதோட போயிருக்கும். நீ எதுக்குப் பேசின? அந்தம்மா வேற மாதிரி ஆளா இருந்திருந்தா?”

அவர் சொன்னது தப்பு என்று சொல்ல முடியாது. நான் பேசாமல் இருந்திருக்கவும் முடியாது.

தனக்கோடி அக்காதான் கரண்டியோடு வந்தாள். “தப்பு என்னுது, இல்ல என்னுதுன்னு ரெண்டு பேரும் ஏலம் போட்டுக்கினு கெடங்க. எல்லா மெஷினுக்கும் பொட்டு வையின்னு சொன்னது அந்த வூட்டம்மா. அத யாராச்சும் கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. மாமா கையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு என்னோடு பேசினார்.

ஸ்ரீகண்டன் சார் டிசம்பரில் கடிதம் கொடுத்தார். பெல்ட் தேர்ந்தெடுத்ததைப் பற்றி அதில் ஒரு பத்தி எழுதியிருந்தாராம். சஞ்சய் படித்துக் காட்டினான். கடிதம் கம்பெனிக்குப் போனது. அவர்கள் பாராட்டிப் பதில் போட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் அவர்கள் நடத்தும் பயிற்சிக்குப் போகாதவருக்கு டெக்னீஷியன் என்று பெயர் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். சஞ்சய்க்கு வருத்தம். தன்னால் முடிந்ததைச் செய்தான். புது அட்டை வந்தது. அதில் ‘சீனியர் ஹெல்பர்’ என்று இருந்தது.

“சீனியர்னா வயசாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டான்” என்றாள் அக்கா.

மாமா அந்த அட்டையைத்தான் மாட்டிக்கொண்டு போகிறார். வருத்தம் இருக்கிறது. ஒருமுறை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் மெஷினைப் பொருத்தி முடித்ததும் வீட்டுக்காரருக்கு மட்டும் எல்லாம் சொல்லிக் காட்டிவிட்டு வருவார். இப்போது, “இந்த ரூம தொடைக்கறது யாரு?” என்று கேட்கிறாராம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தமிழோ கன்னடமோ அவளுக்குத் தெரிந்ததில், பெல்ட் ஓடும் இடத்தைக் காட்டி, ஏன் தொடக்கூடாது என்று காரணத்தோடு சொல்கிறார். பொட்டு எங்கே வைக்கலாம் என்றும் காட்டுகிறார். சில வீட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். அவர் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார் என்று சஞ்சய் சொன்னான்.

மாமாவுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. மாதத்துக்கு நான்கைந்து வீடுகளுக்குப் போகிறார். மும்பையிலிருந்து யாரும் வருவதில்லை. ஸ்ரீகண்டன் சார் வீட்டில் கறுப்பு பெல்ட்டே ஓடுகிறது. நான் அங்கேயே வேலை செய்கிறேன், அந்த மேஜையையும் நானே துடைக்கிறேன்.